நாற்காலி குடைய முழுமரமா, பிளைவுட் அடுக்கா?

ஒரே கட்டையில் குடைந்தெடுத்ததுபோல வளைந்து நெளிந்து நிற்கும் நாற்காலி ஒன்று செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தேன். முதலில் முழுமரத்தில் செய்து உடைத்தேன். அப்புறம் பிளைவுட்டுக்கு மாறினேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

பிளைவுட் நாற்காலி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை 1930களின் தொடக்கத்தில் அல்வார் ஆல்டோ செய்ததும், 1940களின் நடுவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி செய்ததும்தான். அவை வேறு ரகம். வெனீர் எனும் மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அச்சில் அழுத்தி வளைப்பது அந்த முறை. ஒரே ஒரு நாற்காலிக்காக அச்சு செய்யும் பொறுமை எனக்கு இல்லை. நான் சொல்வது அடுக்கி ஒட்டி, பிறகு செதுக்குவது. 1960களில் அமெரிக்கச் சிற்பி வெண்டல் காஸில் பலகைகளை இப்படி அடுக்கித்தான் தன் நாற்காலிகளைச் செதுக்கினார். பலகைக்குப் பதில் பிளைவுட் தாள் வைத்தால் நம் கதை.

அழகு என்று வந்தால் முழுமரத்துக்குத்தான் என் ஓட்டு. உளிக்கும் அதுதான் சுகம். பிளைவுட்டில் உள்ள பசை உளிமுனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆனால் தடித்த கட்டை காய்வதற்குள் வெடிக்கும். அங்குல தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. பிளைவுட்டில் அந்தக் காத்திருப்பு இல்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைப் பிளைவுட் பக்கம் தள்ளியது ரேகை, அதாவது மரநார் ஓடும் திசை. மரத்தின் பலம் முழுக்க நார் ஓடும் திசையில்தான் இருக்கிறது. நாருக்குக் குறுக்கே இழுத்தால், பல மரங்களில் அந்தப் பலத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. நேரான காலுக்கு இது பிரச்சினையே இல்லை. கால் வளைந்து இருக்கையாக மாறி, இருக்கை வளைந்து முதுகாக மாறும் நாற்காலிக்கு இதுதான் எல்லாம். பலகையில் நார் மேலிருந்து கீழே ஓடுகிறது என்று வையுங்கள். கால் பலமாக இருக்கும். அது இருக்கையாகத் திரும்பும் முழங்காலில் நார் குறுக்கே வந்துவிடும். என் முதல் நாற்காலி சரியாக அந்த இடத்தில்தான் போனது. நான் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தேன், ரொட்டி பிய்ப்பதுபோல இரண்டாயிற்று. பலகைகளை ஒட்டிய பசை விட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். விட்டது மரம்.

முழுமரத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வளைவையும் தனித் துண்டாக வெட்டி, நார் வளைவோடு போகும்படி திருப்பி, மூட்டுப் போட வேண்டும். நல்ல ஆசாரி அதைத்தான் செய்வார். என் கை அந்த அளவுக்கு இல்லை.

பிளைவுட்டில் அடுத்தடுத்த வெனீர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுகின்றன. நாற்காலியைப் பக்கவாட்டில் பார்த்த வடிவத்தையே தாளில் வரைந்து வெட்டினால், வளைவு எந்தப் பக்கம் திரும்பினாலும் கிட்டத்தட்டப் பாதி நார்கள் கைகொடுக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: சரியாக 45 பாகை சாய்வில் இரண்டு பாதியுமே குறுக்காகிவிடும், அங்கேதான் பிளைவுட் பலவீனம். என் வடிவத்தில் முழங்கால் அந்தச் சாய்வில்தான் விழுந்தது. அதனால் ஒன்றுவிட்டு ஒரு தாளில் வார்ப்புருவை 45 பாகை திருப்பி வைத்து வெட்டினேன். கழிவு கூடியது. இவ்வளவு தேவையா என்றால், உடைத்துப் பார்த்தவனின் பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

18 மி.மீ. தாள் 25 அடுக்கினால் 450 மி.மீ. அகலம் வரும். எல்லாத் துண்டிலும் கால் இருக்கத் தேவையில்லை. இரு ஓரத்திலும் இரண்டிரண்டில் மட்டும் கால், நடுவில் உள்ள 21 துண்டுகளில் இருக்கையும் முதுகும் மட்டும். அப்படிச் செய்தும் செதுக்குவதற்கு முன் கணக்குப்படி 17 கிலோ வந்தது. எடை குறைந்த நாற்காலி வேண்டுமானால் இந்த வழிக்கே வராதீர்கள்.

முதல் துண்டை ஜிக்சா என்ற மின்வாளில் வெட்டி, விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்து, அதையே வார்ப்புருவாக வைத்து மற்றவற்றை ரவுட்டர் என்ற மரம் கடையும் மின்கருவியில் நகலெடுத்தேன். எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் 10 மி.மீ. துளை போட்டு மரமுளை செருகியது நல்லதாயிற்று. ஈரப்பசையில் துண்டுகள் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு தடவைக்கு நான்கைந்துக்கு மேல் ஒட்டாதீர்கள். வெள்ளை மரப்பசை சில நிமிடங்களில் இறுக ஆரம்பித்துவிடும், அழுத்திப் பிடிக்கும் கிளாம்பைத் தேடுவதற்குள் வேலை கெடும்.

செதுக்க, ஆங்கிள் கிரைண்டர் என்ற வட்டு சுழலும் கைக்கருவியில் கார்பைடு என்ற கடின உலோகப் பற்கள் கொண்ட தேய்ப்பு வட்டு. சங்கிலிவாள் பல் வைத்த வட்டும் வாங்கி வைத்திருந்தேன். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் கருவியில் அது ஒரு முறை மாட்டி உதறியதோடு அலமாரிக்குப் போய்விட்டது. கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றக் கூடாது, இரண்டு கையும் பிடியில் இருக்க வேண்டும். தூசியில் மரத்தோடு பசையும் கலந்திருக்கும், துணி முகமூடி போதாது.

செதுக்கும்போது பிளைவுட் ஓர் உபகாரம் செய்கிறது. பள்ளம் விழ விழ அடுக்குக் கோடுகள் நிலப்படத்தின் சமவுயரக் கோடுகள்போல விரிகின்றன. இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கே மேடு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். முழுமரத்தில் அதை உள்ளங்கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். தாளுக்குள் ஓட்டை இருந்தால் அதுவும் அப்போதுதான் வாயைத் திறக்கும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். உள் அடுக்கிலும் குறையில்லாத பிர்ச் தாள் வாங்கினால் இந்தத் தலைவலி குறையும்.

பக்கவாட்டில் தள்ளும் விசையைப் பற்றித்தான் எனக்கு முழு நிம்மதி இல்லை. அது அடுக்குகளைப் பிரிக்கப் பார்க்கும் திசை. மரமுளைகளும் அகலமான ஒட்டுப்பரப்பும் இதுவரை தாங்குகின்றன, ஆனால் நாற்காலிக்கு வயது இரண்டுதான், வீட்டுக்குள்ளேயே இருந்தது, மழை கண்டதில்லை.

பராமரிப்பில் இதுவரை ஒரே தொல்லை பாதம். தரையில் இழுத்தபோது ஓர வெனீர் சிலும்பி எழுந்தது. விளிம்பை 3 மி.மீ. உருட்டி, உப்புத்தாள் போட்டு, அடியில் கம்பளித் துண்டு ஒட்டினேன். பின்பக்க இடதுகாலில் ஒட்டிய துண்டு மட்டும் மாதம் ஒரு தடவை கழன்று விழுகிறது.