மாரிக்கு முன் மேல்பிளேட்: தகரமா, விரிப்பா, பூச்சா?

திருகோணமலைத் தொடர்மாடிகளுக்கு ஓகஸ்ட், செப்டெம்பர்தான் வேலை மாதங்கள். கச்சான் காற்றில் மேல்பிளேட், அதாவது உச்சியிலுள்ள கொங்கிரீட் தளம், நன்றாகக் காய்ந்திருக்கும். மாரி தொடங்கிவிட்டால் தை கழியும்வரை எதையும் நம்பிப் பூச முடியாது. பீலி துப்புரவு, கான் தோண்டுவது, கிளை வெட்டுவது எல்லாம் தெரிந்த கதை. காசு போவதும் சண்டை வருவதும் மேல்பிளேட் ஒழுக்கில்தான். “மேல்வீடு ஒழுகினால் எங்களுக்கென்ன?” என்று கீழ்மாடிக்காரர் கேட்பார்கள். கூரை பொதுச்சொத்து, செலவும் பொதுச்செலவு.

ஒழுக்கை நிறுத்த மேலே தகரக் கூரை போடலாம், தார் விரிப்பு ஒட்டலாம், அல்லது தண்ணீர் புகாத அக்ரிலிக் பூச்சுப் பூசலாம். எங்கள் கட்டடத்தில் அக்ரிலிக் பூச்சை எடுத்தோம். இன்றும் என் வாக்கு அதற்கே.

தகரக் கூரை போட்டால் வெக்கை குறையும், உண்மைதான். ஆனால் உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதைப் பிடித்திருக்கும் ஆணி. 1964 டிசம்பர் புயலைக் கண்ட ஊர் இது. 2020 டிசம்பரில் புரெவியும் இந்தப் பக்கம்தான் கரையேறியது. அப்படியொரு இரவில் தலைக்கு மேல் தகரம் படபடக்க யார் தூங்குவது?

சூடாக்கி ஒட்டும் தார் விரிப்பு பூச்சைவிட உறுதியானது. தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். எங்களைத் தயங்க வைத்தது பிற்காலத் திருத்தவேலை. ஒட்டில் சின்ன வாய் திறந்தால் போதும், தண்ணீர் விரிப்புக்கு அடியால் ஓடி வேறெங்கோ சொட்டும். கிழிசல் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும், நனைவது மறுமூலைப் படுக்கையறையாக இருக்கும். தேடிப் பிடிக்கப் பாதிப் பிளேட்டை உரிக்க வேண்டும். திரும்ப ஒட்ட காஸ் சுவாலையும் பழகிய கையும் வேண்டும். நாங்கள் விலை கேட்டவர்கள் எல்லோரும் கொழும்பிலிருந்து வருபவர்கள். கார்த்திகையில் ஒழுகினால் எப்போது வருவார்களாம்?

பூச்சில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். வெயில் தொடர்ந்து எறித்தால், நம்மூர் மேசனே அந்த இடத்தை மட்டும் சுரண்டித் திரும்பப் பூசிவிடுவார். எங்கள் மேசன் வேலை தொடங்கும்போதே சொன்னார்: “சேர், வெடிப்பை உளியால விரிச்சு அடைக்காமப் பூசினா, மாரிக்கு என்னைத் திரும்பக் கூப்பிடுவீங்க.” பிளேட்டும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சாந்தை வளைவாக இழைத்து, கண்ணாடி இழை வலை பதித்து, அதன் மேல் பூசினார். முதல் கை நெடுக்கே, அது காய்ந்தபின் அடுத்தது குறுக்கே. ஒழுக்கு பெரும்பாலும் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒன்று, அக்ரிலிக்குக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது. வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரியில்லாத பிளேட்டென்றால் முதலில் வாட்டத்தைத் திருத்துங்கள், முடியாவிட்டால் விரிப்புக்கே போங்கள். சில வருடத்துக்கொருமுறை மேல்பூச்சும் தேவைப்படும். எங்களுடையது இன்னும் பழசாகவில்லை, அதனால் எத்தனை வருடம் தாங்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

அப்புறம், எதைச் செய்தாலும் கடைசிக் காசு கொடுக்குமுன் வடிகுழாய் வாயை அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம் ஏறும். பழைய பிளேட்டென்றால் முதலில் ஒரு பொறியியலாளரிடம் கேட்டுவிடுங்கள்.