பதினோரு நாள் ஓவர்ஸ்டே, பத்து வருஷத் தடை: பாளையங்கோட்டையில் எனக்கு நடந்தது

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கத்துப் பிள்ளைகள் யாராவது வெளிநாட்டு வேலை விசாவுக்கு இப்போது கன்சல்டன்சியில் ஃபைல் கொடுத்திருந்தால், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும்.

2022 செப்டம்பரில் எம்எஸ்சி படிக்க இங்கிலாந்து போனேன். ஒரு வருடப் படிப்பு. முடிந்தபிறகு நான்கு மாதம் சேர்த்து விசா 2024 ஜனவரி 22 வரை இருந்தது. படித்து முடித்தவர்கள் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்து வேலை பார்க்க கிராஜுவேட் விசா உண்டு. அப்போது அதற்கு 822 பவுண்டு ஃபீஸ், அங்கே அரசு மருத்துவ வசதிக்காக விசாவோடு கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் 1,248 பவுண்டு. நம் காசுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த நேரம்தான் அப்பாவுக்கு ஆபரேஷன். வீட்டில் பணம் கேட்க வாய் வரவில்லை. ஊருக்கு வந்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் பார்த்தால் அந்த வாரம் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. என்னைப் படிக்க அனுப்பிய பாளையங்கோட்டை கன்சல்டன்சிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். வாய்ஸ் நோட் வந்தது. இன்னும் என் போனில் இருக்கிறது.

"தம்பி, விசா முடிஞ்சாலும் முப்பது நாள் கிரேஸ் இருக்குல்லா. ரேட்டு குறையட்டும், மெதுவா வா."

அவர் பேச்சை நம்பி பிப்ரவரி 2 அன்று விமானம் ஏறினேன். பதினோரு நாள் கூடுதல்.

அந்த "முப்பது நாள்" எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். பிரிட்டன் சட்டத்தில் விசா முடிந்தபின் தங்க ஒரு நாள்கூட அனுமதி இல்லை. முதல் நாளே ஓவர்ஸ்டேதான். ஆனால் முப்பது நாளுக்குள், தன் சொந்தச் செலவில், தானாகவே கிளம்பிப் போனவருக்கு அந்த ஓவர்ஸ்டேக்காக மறுபடி வரத் தடை போடமாட்டார்கள். அவ்வளவுதான். தடை இல்லை என்பதும் தங்கலாம் என்பதும் ஒன்றல்ல. தடை போடாவிட்டாலும், நடந்தது நடந்ததுதான். அடுத்த விண்ணப்பத்தில் கேட்டால் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு விஷயத்திலும் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ஹீத்ரோவில் கிளம்பும்போது நம் ஊர் மாதிரி எமிக்ரேஷன் கவுண்டர் கிடையாது, பாஸ்போர்ட்டில் எக்ஸிட் முத்திரை விழாது. "எப்பம் போனேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று நானும் நினைத்தேன். 2015 ஏப்ரலிலிருந்து அங்கே எக்ஸிட் செக் உண்டு. ஏர்லைன் அனுப்பும் பயணி விவரம் நேராக அரசாங்கக் கணக்கில் ஏறிவிடுகிறது. முத்திரைதான் இல்லை, பதிவு இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து, 2025 மார்ச்சில், பர்மிங்ஹாம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்று ரவுண்டு இண்டர்வியூ, எல்லாம் நானே பார்த்துக்கொண்டது. விசாவுக்கு விண்ணப்பிக்க கம்பெனி கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் வந்தது. அதை வைத்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஃபாரத்தில் தப்பு வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் அதே கன்சல்டன்சிக்கே போனேன். இன்று வரை என்னைத் தூங்கவிடாத முடிவு அதுதான். சர்வீஸ் சார்ஜ் 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் நாளே பதினோரு நாள் விஷயத்தைச் சொன்னேன். மெசேஜும் போட்டேன்: "அண்ணாச்சி, நான் 11 நாள் லேட்டா வந்தேன்லா, அது பிரச்சினையா?" வந்த பதில்: "முப்பதுக்குள்ளதான தம்பி, அதெல்லாம் கணக்கே கிடையாது. ஃப்ரீயா இரு."

ஃபாரத்தை அவர்கள் ஆபீஸ் பொண்ணுதான் கம்ப்யூட்டரில் நிரப்பியது. என் பேரில் புதிதாக ஒரு ஜிமெயில் திறந்து, பாஸ்வேர்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். "எல்லாருக்கும் இப்படித்தான் செய்யுதோம்" என்றார்கள். விசா ஃபீஸ் 769 பவுண்டு, மூன்று வருட ஹெல்த் சர்சார்ஜ் 3,105 பவுண்டு. அம்மாவின் செயினும் இரண்டு வளையலும் அடகுக்குப் போனது.

அந்த ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு. விசா முடிந்தபிறகும் பிரிட்டனில் தங்கியிருந்தீர்களா, விசா நிபந்தனையை மீறினீர்களா, முன்பு பொய்யான தகவல் கொடுத்தீர்களா என்று வரிசையாகக் கேட்டு, ஆமா இல்லையா என்று ஒரே இடத்தில் டிக் பண்ணச் சொல்லும். 'இல்லை' என்று டிக் பண்ணிவிட்டார்கள். அனுப்புமுன் முழு ஃபாரத்தை எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. கடைசியில் "மேலே சொன்னது எல்லாம் உண்மை" என்ற உறுதிமொழி மட்டும் என் பேரில் இருக்கிறது.

மே மாதம் ரிஜெக்ட் ஆனது. முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். "சின்ன டாக்குமெண்ட் பிரச்சினை, ரீஅப்ளை பண்ணிக்கலாம், நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்." வாரம் இரண்டு தடவை வண்ணார்பேட்டை பஸ்ஸில் போய் அந்த மாடிப்படி ஏறினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு டீ, அதே பதில்.

லெஸ்டரில் இருக்கும் என் சித்தி மகன்தான், "லெட்டரை முழுசா அனுப்புல" என்று கத்தினான். கன்சல்டன்சியில் சண்டை போட்டு ஜிமெயில் பாஸ்வேர்டை வாங்கி, அன்று ராத்திரி படித்தேன். ஓவர்ஸ்டேக்காக என்னை நிராகரிக்கவில்லை. அதை மறைத்ததற்காக நிராகரித்திருந்தார்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்த்தகவல் கொடுத்தார் என்று எழுதி, முடிவு தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு விண்ணப்பித்தால் மறுக்கப்படும் என்று இருந்தது. அதாவது 2035 மே வரை.

கீழே இன்னொரு பத்தி. 28 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி, முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி நிர்வாக மறுஆய்வு கேட்கலாம். நான் அதைப் படித்தது 33-வது நாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "ஏய்யா, பதினோரு நாளுக்கா பத்து வருஷம்?" அப்பாவை எழுப்பிச் சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

பிறகு பிரிட்டனில் பதிவு பெற்ற ஒரு ஆலோசகரிடம் வீடியோ காலில் பேசினேன். "ஆமா" என்று டிக் பண்ணி, நாலு வரி விளக்கமும் விமான டிக்கெட்டும் வைத்திருந்தால், பதினோரு நாள் மட்டுமே பெரிய தடையாக இருந்திருக்காது என்றார். அதிகாரி அதை எடைபோட்டிருப்பார், கேள்வி கேட்டிருக்கலாம், ஆனால் பத்து வருடத் தடைக்கு வழியே இல்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது.

ஹெல்த் சர்சார்ஜ் திரும்பி வந்துவிட்டது. விசா ஃபீஸ் போனது போனதுதான். வேலையும் போய்விட்டது. இனி வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், "எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா" என்று கேட்கும் இடத்திலெல்லாம் இந்த லெட்டரை வைத்து நான் விளக்கம் எழுத வேண்டும்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இந்த முப்பது நாள் கணக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அமெரிக்காவில் கொடுத்த தேதிக்கு மேல் ஒரு நாள் தங்கினாலே கையில் இருக்கும் விசா செல்லாமல் போய்விடும். 180 நாள் தாண்டி வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமானால் பத்து வருடம். ஆஸ்திரேலியாவில் 28 நாள் தாண்டினால் மூன்று வருடத் தடை வரலாம். மேலப்பாளையம், கடையநல்லூரிலிருந்து துபாய்க்கு விசிட் விசாவில் போய் வேலை தேடுகிறவர்களுக்கு அங்கே நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். முன்பு பத்து நாள் சலுகை இருந்தது, 2023-லேயே எடுத்துவிட்டார்கள். "பத்து நாள் கிரேஸ்" என்று இன்னும் சொல்லுகிற ஏஜெண்டை நம்பாதீர்கள்.

வாய்ஸ் நோட், மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் வைத்து போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது (சிஎஸ்ஆர்) வாங்கியாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். பாதிப்பு நடந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. என்னைப் போல வேறு யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து போவோம்.

ஃபைல் கொடுத்து விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் நாளைக்குக் காலையிலேயே போய் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, உங்கள் பேரில் திறந்த ஈமெயிலின் பாஸ்வேர்டு, வாங்கியதும் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, அனுப்பிய விண்ணப்பத்தின் முழு பிடிஎஃப். "அது எங்க சிஸ்டத்துல இருக்கு தம்பி" என்பார்கள். விடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, பழைய பயணம் பற்றிக் கேட்கும் பக்கத்தைத் திறந்து என்ன டிக் பண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தப்பாக இருந்தால், முடிவு வருவதற்கு முன்னால் நீங்களே விசா அலுவலகத்துக்கு எழுதி, உண்மையைச் சொல்லுங்கள்.