தலைமடையா, கடைமடையா: மெயின்ஃபிரேமை ஒட்டிக் கன்டெய்னரை எங்கே வைப்பது?

கும்பகோணத்தில் வீட்டு மாடியில் அமர்ந்தபடி, ஒரு நிதி நிறுவனத்தின் மெயின்ஃபிரேமை, அதாவது அதன் கணக்குகளைத் தாங்கும் பெருங்கணினியை, பராமரிக்கும் குழுவில் பணிபுரிகிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த மன்னார்குடித் தம்பி ஒருவர், "அண்ணா, கோபாலைத் தூக்கிக் கன்டெய்னருக்குள்ள போட்டுட்டா வேலை முடிஞ்சிடும்ல?" என்று கேட்டார். கோபால் என்பது இங்குள்ள பழைய நிரல்கள் எழுதப்பட்ட கணினி மொழி. தம்பி கல்லூரியில் கன்டெய்னர்களைக் கட்டும் டாக்கரும் அவற்றை மேய்க்கும் குபெர்னெட்டிஸும் படித்துவிட்டு வந்தவர். மெயின்ஃபிரேமுக்கு வேலைகளை ஏவும் மொழியான ஜேசிஎல்லை இங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360-இன் வழிவந்த இயந்திரத்துக்கும், 2013-இல் வெளிவந்த டாக்கருக்கும் இடையே உள்ள அரை நூற்றாண்டு இடைவெளியை ஒரே கேள்வியில் தாண்டப் பார்த்தார்.

கன்டெய்னர் என்பது நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒரே பொதியாகக் கட்டி, அடியில் இருக்கும் இயங்குதளத்தின் கெர்னலைப் பகிர்ந்துகொண்டு ஓடவிடும் முறை. நாம் அன்றாடம் காணும் பொதிகள் லினக்ஸ் கெர்னலை நம்பி இருப்பவை. மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் லினக்ஸ் அன்று. ஆகவே கோபாலைக் கன்டெய்னருக்குள் போடுவதைவிட, கோபால் தொடும் தரவுக்கு எவ்வளவு அருகில் கன்டெய்னரை வைப்பது என்பதே முதலில் முடிவு செய்ய வேண்டியது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் வேறு என்பதை அறிந்த நம் பகுதியினருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

மெயின்ஃபிரேமை விட்டே வெளியேறி, சாதாரண கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலிகளால் ஆன மேகக்கணினியில் எல்லாவற்றையும் கன்டெய்னர்களாக நிறுத்துவது பலரும் முதலில் பரிந்துரைக்கும் வழி. ஆள் கிடைப்பது எளிது, கருவிகள் ஏராளம். ஆனால் தரவு இசட்/ஓஎஸ்ஸிலேயே தங்கிவிட்டால் கதை மாறும். ஒரு பரிவர்த்தனை அங்குள்ள டிபி2 தரவுத்தளத்தை 200 முறை தொடுகிறது, வெளியிலிருந்து ஒவ்வொரு முறை சென்றுவரவும் 2 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பயணத்திலேயே 0.4 நொடி கழிந்துவிடும். தரவையும் சேர்த்து வெளியே கொண்டுபோகலாமே என்றால், அதில் வேறொரு கண்ணி இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கோபால் எழுதிய கோப்பு ஒன்றை யாரோ வெறும் எழுத்துக் கோப்பு என்று எண்ணி, மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து மற்றக் கணினிகளின் ஆஸ்கிக்கு மொத்தமாக மாற்றி வெளியே அனுப்பிவிட்டார்கள். அதில் தொகைகள் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கங்களாக அடைத்து, கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறியை வைக்கும் காம்ப்-3 வடிவில் இருந்தன. 123.45 ரூபாய் என்பது அந்த வடிவில் 12, 34, 5சி என்ற மூன்று பைட்டுகள் (பதினாறடிமான எண்களில்). எழுத்து மாற்றத்தில் 12 அப்படியே தப்பியது. 34 என்பது 94 ஆனது. 5சி என்பது எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி என்பதால் 2ஏ ஆனது. கடைசி அரை பைட்டான ஏ-யும் கூட்டல் குறியாகச் செல்லுபடியாவதால் பிழைச்செய்தி எதுவும் எழவில்லை; 123.45 சத்தமில்லாமல் 129.42 ஆகி உட்கார்ந்துகொண்டது. நிரல் நின்றுபோயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எங்களுக்கோ மூன்றாம் நாள் கணக்குச் சரிபார்ப்பில்தான் தெரிந்தது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது இசட்சிஎக்ஸ். 2019-இல் இசட்/ஓஎஸ் 2.4-உடன் வந்தது. இசட்/ஓஎஸ்ஸின் ஒரு முகவரி வெளிக்குள்ளேயே ஒரு சிறு லினக்ஸை நிறுத்தி, அதில் டாக்கர் பொதிகளை ஓடவிடுகிறது. ஆபரேட்டருக்கு அது மற்றுமொரு ஸ்டார்ட்டட் டாஸ்க், அதாவது கட்டளையிட்டுத் தொடங்கும் பின்னணி வேலை, மட்டுமே. அதன் வட்டுகள் இசட்/ஓஎஸ்ஸின் விசாம் வகைத் தரவுத்தொகுப்புகள். பேரிடர் மீட்பு ஏற்பாடு இசட்/ஓஎஸ்ஸுக்கு எதுவோ அதுவே இதற்கும். அதன் பெரும்பகுதி வேலை ஸிப் எனப்படும் சிறப்புச் செயலிகளில் ஓடக்கூடியது என்பதால், பொதுச் செயலிகளின் பயன்பாட்டை ஒட்டி ஏறும் மென்பொருள் கட்டணம் பெரிதாக உயராது. தலைமடையிலேயே மதகு வைப்பது போன்ற ஏற்பாடு இது. குறையும் உண்டு: அந்த எல்பார் (இசட்/ஓஎஸ் ஓடும், பெட்டிக்குள் பிரித்த தனிப்பகுதி) விழுந்தால் கன்டெய்னரும் உடன் விழும், ஒன்றிரண்டு துணைச் சேவைகளுக்குச் சரி, ஐம்பது சேவைகளை மேய்க்க இது இடமன்று.

ஐம்பதை மேய்க்க வேண்டுமானால், அதே பெட்டிக்குள் லினக்ஸுக்கென்றே உள்ள ஐஎஃப்எல் செயலிகளில் லினக்ஸை நிறுவி, அதன்மேல் ரெட் ஹாட் நிறுவனத்தின் குபெர்னெட்டிஸ் தளமான ஓப்பன்ஷிஃப்ட்டை நிறுத்துவதே நான் தேர்ந்தெடுக்கும் வழி. ரெட் ஹாட்டை 2019-இல் 3,400 கோடி டாலருக்கு ஐபிஎம் வாங்கியதன் பலன் மெயின்ஃபிரேமில் தெரிவது இங்கேதான். இசட்/ஓஎஸ் இருக்கும் எல்பாருக்கும் லினக்ஸ் எல்பாருக்கும் இடையே ஹைப்பர்சாக்கெட்ஸ் வழியாக, கேபிளே இல்லாமல் நினைவகத்துக்குள்ளேயே தரவு பாய்கிறது. ஆயினும் கட்டுப்பாட்டுக்கு மூன்று கணுக்கள் (சர்வர்கள்), வேலைக்கு இரண்டு என்று தொடக்கமே கனமாக இருக்கும். இரண்டு சேவைகளுக்காக இதை நிறுவுவது குறுணி நெல்லுக்குக் குதிர் கட்டுவதாகும்.

இசட்/ஓஎஸ்ஸின் யுனிக்ஸ் பகுதிக்குரிய நிரல்களையே, லினக்ஸ் இடையில் இல்லாமல், கன்டெய்னராகக் கட்டும் வழியும் வந்திருக்கிறது. எண்ணம் நேர்த்தியானது, ஆனால் பொதுக் களஞ்சியங்களில் கிடைக்கும் லினக்ஸ் பொதிகள் அங்கே ஓடா என்பதால், இப்போதைக்கு அதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

இசட்சிஎக்ஸுக்கும் ஓப்பன்ஷிஃப்ட்டுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு: பொதி மெயின்ஃபிரேமின் எஸ்390எக்ஸ் வகைச் செயலிக்கென்று கட்டப்பட்டிருக்க வேண்டும். தம்பி தன் மடிக்கணினியில் கட்டிய பொதியை அப்படியே ஏற்றியபோது 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிட்டது. மறுபடி எமுலேஷனில், அதாவது அந்தச் செயலியைப் போல மடிக்கணினியை நடிக்கவைத்து, கட்டச் சொன்னேன். மின்விசிறி இரைய இரைய முக்கால் மணி நேரம் ஓடியது. எண்களின் பைட் வரிசையும் எக்ஸ்86-க்கு நேர்மாறு என்பதால், எண்களை மாற்றமின்றி பைட்டுகளாகவே கோப்பில் எழுதும் பழைய சி நிரல்களைத் தனியே சோதிக்க வேண்டியிருந்தது.

தம்பியின் கேள்விக்குப் பின் நாங்கள் கன்டெய்னரில் வைக்க எடுத்துக்கொண்ட, கணக்கு இருப்பைக் காட்டும் சேவையைக் கடைசியில் இசட்சிஎக்ஸில் வைத்தோம். கோபால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சேவையைக் கண்காணிக்கும் ஏஜென்ட் என்ற சிறு நிரலுக்கு மட்டும் எஸ்390எக்ஸ் பொதி அதன் விற்பனையாளரிடம் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறோம்; பதில் வரும்வரை அது வெளியே, ஒரு எக்ஸ்86 சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது.