ஃபைண்ட்-அப்: மேலே தேடிப் போகிற பேக்கேஜ் எங்கே நிற்கிறது?

பாசனக் கணக்கு வைக்கும் ப்ராஜெக்ட்டை டெல்டாவில் யார் தொடங்கினாலும் ஃபோல்டர்கள் ஆற்றைப் போலத்தான் பிரியும். காவிரி, அதற்குள் வெண்ணாறு, அதற்குள் பாமணியாறு, அதற்குள் மன்னார்குடி, கடைசியில் குறுவை. அமைப்பு.ஜேசன் என்கிற ஃபைல் மேலே வெண்ணாறு ஃபோல்டரில் ஒன்றுதான் இருக்கும். ஸ்கிரிப்ட் ஓடுவதோ கடைமடையில், குறுவை ஃபோல்டரில். அங்கிருந்து பேரண்ட் ஃபோல்டர்களில் ஒவ்வொன்றாக ஏறிப் போய் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் இந்த வேலைக்குப் பலரும் எடுத்துக்கொள்வது சிண்ட்ரே சோர்ஹஸ் எழுதிய ஃபைண்ட்-அப் பேக்கேஜ். எம்ஐடி உரிமம், காசு கிடையாது.

பேக்கேஜ் நல்ல பேக்கேஜ், தாராளமாக நம்பலாம். ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது டிஸ்க்கின் உச்சி வரை ஏறிவிடும். தேடின ஃபைல் கிடைக்காவிட்டால் கவலை இல்லை, அன்டிஃபைண்ட் என்று வெறுங்கையோடு திரும்பும், அதைத் திறக்கப் போகும்போது எரர் வரும், பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். சம்பந்தமில்லாத யாரோ வைத்த அதே பெயருள்ள ஃபைல் மேலே எங்காவது கிடைத்துவிட்டால்தான் ஆபத்து. எரரே வராது, கணக்கு மட்டும் தப்பாக வரும். அதனால் இந்தப் பேக்கேஜை எங்கே தொடங்குகிறது, எதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறது, எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிடலாம். நோட்டில் மாட்யூலை எடுக்க காமன்ஜேஎஸ் என்ற பழைய முறையும் ஈஎஸ்எம் என்ற புதிய முறையும் உண்டு. 5ஆம் பதிப்பு வரை காமன்ஜேஎஸ். ரெக்வயர் போட்டால் வரும். 6இலிருந்து ஈஎஸ்எம் மட்டும். பழைய நோட்டில் 6ஐ ரெக்வயர் செய்தால் ஈஎஸ்எம் எரர் வந்து ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். நோட் 22.12இலிருந்து ஈஎஸ்எம் மாட்யூலையும் ரெக்வயர் செய்ய முடிகிறது, 20.19க்கும் அந்த வசதி வந்துவிட்டது. ஆகவே சர்வரில் ஓடுவது அதற்கு முந்தைய நோட், கோடும் காமன்ஜேஎஸ் என்றால் 5ஐயே வைத்துக்கொள்ளலாம். அதில் இழப்பு ஒன்று உண்டு: தேடல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டாப்அட் ஆப்ஷன் (கீழே வருகிறது) 5இல் இல்லை. 5ஐ நிறுவினால் கூடவே லொகேட்-பாத், பாத்-எக்ஸிஸ்ட்ஸ், பி-லொகேட், பி-லிமிட், யோக்டோ-க்யூ என்று 5 பேக்கேஜ்கள் சேர்ந்து வரும். எல்லாம் சின்னவை.

தொடங்கும் இடத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். தொடங்கும் ஃபோல்டரைச் சொல்லும் சிடபிள்யூடி ஆப்ஷன் கொடுக்காவிட்டால் ப்ராசஸ் ஓடும் ஃபோல்டரிலிருந்து தேடல் தொடங்கும், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல. டெர்மினலில் குறுவை ஃபோல்டருக்குப் போய் ஓட்டும்போது இரண்டும் ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் எடுத்து வைக்க அதே ஸ்கிரிப்ட்டை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டுப் பாருங்கள். கிரான் பயனரின் ஹோம் ஃபோல்டரில் நின்று ஓட்டும். லினக்ஸில் பின்னணி வேலைகளை ஓட்டும் சிஸ்டம்டியில் சர்வீஸாகப் போட்டால், வேறு எதுவும் சொல்லாதவரை, டிஸ்க்கின் உச்சியிலேயே நின்று ஓட்டும். அதற்கு மேலே ஏற ஃபோல்டரே இல்லை. டெர்மினலில் கிடைத்த ஃபைல் கிரானில் கிடைக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சிடபிள்யூடிக்கு ஸ்கிரிப்ட்டின் ஃபோல்டரை நீங்களே கொடுத்துவிடுங்கள்: நோட் 20.11 முதல் இம்போர்ட்.மெட்டா.டிர்நேம், காமன்ஜேஎஸ்ஸில் வழக்கமான டிர்நேம்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. இம்போர்ட்.மெட்டா.யூஆர்எல்லை அப்படியே சிடபிள்யூடிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அது 'ஃபைல்:' என்று தொடங்கும் வெறும் எழுத்துச்சரம். யூஆர்எல் ஆப்ஜெக்ட்டாகக் கொடுத்தால் ஃபைண்ட்-அப் புரிந்துகொள்ளும். எழுத்துச்சரமாகக் கொடுத்தால் சாதாரண பாத் என்று நினைத்து, ப்ராசஸ் ஓடும் ஃபோல்டருக்கு அடியில் 'ஃபைல்:' என்றொரு ஃபோல்டர் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு அங்கிருந்து ஏறும். இல்லாத ஃபோல்டர்களை எல்லாம் தாண்டிக் கடைசியில் ப்ராசஸ் ஃபோல்டருக்கே வந்து சேர்வதால் சோதனையில் சரியாக ஓடுவது போலவே இருக்கும். கிரானில் போட்ட அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். எழுத்துச்சரத்தை நியூ யூஆர்எல்லுக்குள் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது பொருத்தம். பெயர்களை வரிசையாகக் கொடுக்கலாம்: அமைப்பு.ஜேசன், இல்லாவிட்டால் அமைப்பு.யாமல். முதலில் சொன்ன பெயருக்கு எங்கும் முன்னுரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரிசை ஒரே ஃபோல்டருக்குள் மட்டும்தான் செல்லும். மன்னார்குடியில் யாமல் இருந்து வெண்ணாறில் ஜேசன் இருந்தால் யாமல்தான் கிடைக்கும். கிட்டத்தில் இருப்பதற்குத்தான் முதல் மரியாதை. ஜேசன் எங்கிருந்தாலும் அதுதான் வேண்டும் என்றால் இரண்டு தனித் தேடல்களாக எழுத வேண்டும்.

டைப் ஆப்ஷன் சொல்லாவிட்டால் ஃபைலை மட்டும் பார்க்கும். அதனால் கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளின் .கிட்டைத் தேடினால் சாதாரண ரெப்போவில் (கிட் கணக்கு வைக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டரில்) கிடைக்காது, அங்கே .கிட் ஒரு ஃபோல்டர். சரி, டைப்பை டைரக்டரி என்று மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கிட் சப்மாட்யூலிலும் (ரெப்போவுக்குள் வைத்த இன்னொரு ரெப்போ) வொர்க்ட்ரீயிலும் (அதே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர்) .கிட் என்பது ஒரு சின்ன ஃபைல். உள்ளே 'கிட்டிர்:' என்று தொடங்கி உண்மையான இடத்தைக் காட்டும் ஒரு வரி இருக்கும். பாமணியாறு ஃபோல்டர் ஒரு சப்மாட்யூல் என்று வைத்துக்கொள்வோம். டைரக்டரி மட்டும் தேடும் கோடு பாமணியாறின் .கிட் ஃபைலைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, மேலே காவிரியின் .கிட் ஃபோல்டரைப் பிடித்து, அதுதான் ரெப்போவின் வேர் என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு எழுதப்படும் ஃபைல் எல்லாம் தப்பான ரெப்போவில் போய் விழும். பெயருக்குப் பதில் ஒரு ஃபங்ஷன் கொடுத்து, அதில் எஃப்எஸ் மாட்யூலின் எக்ஸிஸ்ட்ஸ்சிங்க் வைத்து .கிட் எந்த வடிவில் இருந்தாலும் அது இருக்கும் ஃபோல்டரின் பாத்தைத் திருப்பித் தாருங்கள், டைப் டைரக்டரி என்றே இருக்கட்டும். ரெப்போவின் வேர் மட்டும்தான் தேவை என்றால் இந்தப் பேக்கேஜே வேண்டாம். கிட் ரெவ்-பார்ஸ் கட்டளையை ஷோ-டாப்லெவல் ஆப்ஷனோடு ஓட்டினால் கிட்டே சொல்லிவிடும்.

ஃபங்ஷன் வடிவம்தான் இந்தப் பேக்கேஜின் மிகச் சிறந்த பகுதி. ஒவ்வொரு ஃபோல்டரின் பாத்தும் அந்த ஃபங்ஷனிடம் வரும். கிடைத்தது என்றால் பாத்தைத் திருப்பித் தரலாம், எதுவும் தராவிட்டால் மேலே ஏறும், ஃபைண்ட்அப்ஸ்டாப் என்ற அடையாளத்தைத் தந்தால் தேடலே நின்றுவிடும். பேக்கேஜ்.ஜேசன் இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் வொர்க்ஸ்பேசஸ் என்ற பகுதியும் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை இங்கே நாலே வரியில் எழுதிவிடலாம்.

வழியில் உள்ள எல்லா ஃபைல்களும் வேண்டும் என்றால் ஃபைண்ட்அப்மல்டிபிள். இது கிட்டத்திலிருந்து தூரத்துக்கு என்ற வரிசையில் பட்டியல் தரும். வெண்ணாறின் பொது அமைப்பை மன்னார்குடியின் அமைப்பு மாற்றி எழுத வேண்டும் என்றால் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிவிட்டுத்தான் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். திருப்ப மறந்தால் தலைமடையில் வைத்த அளவே கடைமடை வரை நிற்கும், கீழே செய்த திருத்தம் எதுவும் எடுபடாது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஃபோல்டரில் நுழைய அனுமதி இல்லாவிட்டாலும் ஃபைண்ட்-அப் அதை 'ஃபைல் இல்லை' என்றே எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். பாமணியாறு ஃபோல்டரின் அனுமதி கெட்டுப்போயிருந்தால் அங்குள்ள அமைப்பு.ஜேசன் விட்டுப்போய் வெண்ணாறின் ஃபைல் கிடைக்கும், ஒரு எச்சரிக்கையும் வராது. அனுமதி எரரைத் தனியாகத் தெரிவிக்கும் ஆப்ஷன் ஒன்று கட்டாயம் இருந்திருக்க வேண்டும். இப்போதைக்குச் செய்யக்கூடியது, கிடைத்த ஃபைலின் முழுப் பாத்தையும் லாகில் ஒரு வரியாக எழுதி வைப்பது. இந்த ஒரு வரி பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

இனி நிற்கும் இடம். 6ஆம் பதிப்பு வரிசையில் வந்த ஸ்டாப்அட் ஆப்ஷனுக்கு ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால், அந்த ஃபோல்டரையும் பார்த்துவிட்டு அங்கே நின்றுவிடும். இதை எல்லா இடத்திலும் போடுங்கள். மேலே உள்ள ஃபோல்டர் எல்லாம் நம்முடையது அல்ல. லினக்ஸில் டெம்ப் ஃபோல்டருக்குள் யார் வேண்டுமானாலும் ஃபைல் வைக்கலாம்; அதற்கு அடியில் ஓடும் ஸ்கிரிப்ட் மேலே தேடினால் அடுத்தவர் வைத்த ஃபைலைப் பிடிக்கும். தேடுவது ஜேஎஸ் வடிவ அமைப்பு ஃபைலாக இருந்தால் அடுத்தவரின் கோடையே ஓட்டியதாகிவிடும். கிட்டுக்கே இந்தச் சிக்கல் வந்தது. பலர் பயன்படுத்தும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சி டிரைவின் உச்சியில் ஒருவர் .கிட் ஃபோல்டர் வைத்துவிட்டால், ரெப்போ இல்லாத ஃபோல்டரில் நின்று கிட் ஓட்டும் மற்றவர்கள் அவருடைய அமைப்பில் மாட்டிக்கொள்வார்கள். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பில் ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பார்க்கும் சோதனையும் சேஃப்.டைரக்டரி அமைப்பும் சேர்ந்தன. கல்லூரி லேப்பிலும் ப்ரௌசிங் சென்டரிலும் ஒரே கம்ப்யூட்டரில் பத்துப் பேர் உட்காரும் ஊர்களில் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கோடு எழுத வேண்டும்.

ஸ்டாப்அட்டுக்குக் கொடுக்கும் ஃபோல்டர் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கோரையாறில் தொடங்கிவிட்டுப் பாமணியாறில் நில் என்றால் அந்தத் தடுப்பு வழியிலேயே வராது. ஒப்பீடும் எழுத்துக்கு எழுத்து நடப்பதால் சிம்லிங்க் (வேறு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி) வழியாக வந்த பாத்தும் அசல் பாத்தும் வேறு வேறாகத் தெரியும். இரண்டையும் முதலில் ரியல்பாத்தில் போட்டு எடுத்துவிடுங்கள்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு இதிலேயே இன்னொரு சங்கதி. 'கோரையாறு' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது முன்னால் இரட்டைச் சுழி ஏகாரக் குறி, பின்னால் கால் என்று இரண்டாக. கண்ணுக்கு ஒன்றுதான், பைட் கணக்கில் வேறு. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும். ஏறிப் போவதில் இதனால் தொந்தரவு இல்லை, அங்கே பாத்தின் கடைசித் துண்டை வெட்டிக்கொண்டே போவதுதான் வேலை. தேடும் பெயரிலும் ஸ்டாப்அட்டிலும்தான் இடிக்கும். ஃபைல் பெயர்களை உருவாக்கும்போதே நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி கொடுத்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள். கோடில் எழுதும் பெயருக்கும் அதையே செய்யுங்கள்.

பேக்கேஜ் வேண்டாம், நாமே எழுதிக்கொள்ளலாம் என்றால் அதுவும் பத்து வரிதான். பாத்தை ரிசால்வ் செய்து முழுப் பாத் ஆக்குங்கள்; அந்த ஃபோல்டரில் ஃபைல் இருக்கிறதா பாருங்கள்; இல்லாவிட்டால் டிர்நேம் வைத்து மேல் ஃபோல்டரை எடுங்கள்; மேல் ஃபோல்டரும் இப்போதைய ஃபோல்டரும் ஒன்றே என்றால் நிறுத்துங்கள். உச்சியை சாய்கோட்டோடு ஒப்பிட்டு நிறுத்தும் லூப் லினக்ஸில் ஓடும். விண்டோஸில் உச்சி சி டிரைவ் என்பதால் முடிவே இல்லாமல் சுற்றும். பைத்தானில் பாத்லிப்பின் பேரண்ட்ஸ் இதே வேலையைச் செய்யும். தொடங்கும் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். வெறும் புள்ளியைப் பாத்தாகக் கொடுத்தால் பட்டியல் காலியாக வரும், ஆகவே முதலில் ரிசால்வ்.

மாற்றுப் பேக்கேஜ்களில் லூக் எட்வர்ட்ஸின் எஸ்கலேட் மிகச் சிறியது. ஒவ்வொரு படியிலும் ஃபோல்டரில் உள்ள பெயர்கள் அனைத்தையும் படித்து உங்கள் ஃபங்ஷனிடம் தரும். பத்துப் பெயரைத் தேட வேண்டுமென்றால் அது லாபம். வயல் போட்டோ ஆயிரக்கணக்கில் கிடக்கும் ஃபோல்டர் வழியில் இருந்தால் வீண் சுமை. சோர்ஹஸே ஃபைண்ட்-அப்-சிம்பிள் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார். அது வேறு எந்தப் பேக்கேஜையும் கூட இழுத்து வராது, ஒரே ஒரு பெயரைத் தேடும், ஸ்டாப்அட் உண்டு. அமைப்பு.ஜேசன் ஒன்றுதான் வேண்டும் என்ற ப்ராஜெக்ட்டுக்கு அதுவே போதும். பல பெயர்கள், ஃபங்ஷன், மல்டிபிள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தேவைப்படும் நாளில் ஃபைண்ட்-அப்புக்கு மாறிக்கொள்ளலாம். சிடபிள்யூடி, ஸ்டாப்அட் என்ற ஆப்ஷன் பெயர்கள் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் மாற்ற வேண்டிய வரி அதிகம் இருக்காது.