மைதானத்துக் களை: மருந்தா, கையா, கடல் தண்ணீரா?

குளிர்நாட்டு கோல்ஃப் மைதானங்களில் இலையுதிர் காலத்தில் மண் சூடு சுமார் 21 டிகிரிக்கு இறங்கினால் போவா என்ற களைப்புல் முளைக்கத் தொடங்கும். அதற்கு முன்பே மருந்து அடித்துவிடுவார்கள். தேவிபட்டினம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மணலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ விழும் முதல் நல்ல மழைக்குத்தான் இங்கே விதைகள் காத்திருக்கின்றன.

எங்கள் கால்பந்து மைதானத்தின் தரை அருகம்புல். நடுவே களையாகக் காக்காய்க்கால் புல், கொண்டைப்புல், ஒட்டுப்புல், அப்புறம் கோரை.

முதலில் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி. கடலைக்குப் போடுகிற அதே மருந்துதான். மழைக்குச் சில நாள் முன்பு அடித்து லேசாகத் தண்ணீர் விட்டால் மேல்மண்ணில் நின்று, முளைவிடும் விதையின் வேரை வளரவிடாது. பழைய, அடர்ந்த தரைக்கு இதுபோல வேலையை மிச்சப்படுத்துவது எதுவும் இல்லை. ஆனால் முளைத்து நிற்கும் களையை ஒன்றும் செய்யாது. கிழங்கிலிருந்து வரும் கோரையிடமும் பலிக்காது. மீனுக்கு நஞ்சு என்பதால் ஊருணிக் கரையில் கூடவே கூடாது. இரண்டு வருடம் முன்பு கோல் கம்பத்துக்கு முன்னால் இருந்த வழுக்கைத் திட்டில் புல் கரணை (கணுவோடு வெட்டிய தண்டு) ஊன்றிய கையோடு இதை அடித்துவிட்டோம். பத்து நாள் கழித்து ஒரு கரணையை இழுத்தேன், சும்மா கையோடு வந்தது. கணுவில் வேர் குட்டையாக, நுனி தடித்து நின்றது. மனசு விட்டுப்போயிற்று.

கைக்களை மெதுவான வேலை. இருந்தாலும் மழை விட்ட இரண்டு வாரத்துக்குள், கதிர் வருமுன் இறங்கினால் ஈர மணலில் வேரோடு வந்துவிடும். கோரைதான் அடங்காது. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும்; இழுத்தால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு மட்டும் ஹேலோசல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லி சரி, அருகம்புல்லைக் கெடுக்காது.

கடல் தண்ணீர் ஊற்றலாமே என்பார்கள். உப்பை நன்றாகத் தாங்கும் சீஷோர் பாஸ்பாலம் புல் போட்ட தரையில் அது நடக்கும். அருகம்புல் அவ்வளவு தாங்காது. களிமண் கலந்த இடமோ இறுகிப்போய் மழைநீரையே உள்ளே விடாது. வேண்டாம்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி புல், களை எல்லாவற்றையும் கொல்லும். பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு யாரும் அதை அடிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் உத்தரவு வந்தது.

இந்த வருடம் நடுத்தரைக்கு மருந்து. கோல் கம்பத்துப் பக்கம் களைக்கொத்தோடு நாங்களே உட்காரப்போகிறோம்.