பேக் பட்டன் யார் கையில்? ஐஃப்ரேமுக்குள் ஆப் வைப்பவர்களுக்கு நான்கு வழிகள்

ஒரு பக்கத்துக்குள் இன்னொரு ஆப்பை ஐஃப்ரேமாகப் (பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) பதித்ததும் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உள்ளே நாலைந்து திரை தாண்டிப் போனாலும் முகவரிப் பட்டி அசையவில்லை. ரீஃப்ரெஷ் செய்தால் மறுபடி முதல் திரை. லிங்க்கை காப்பி செய்து அனுப்பினால் வாங்கியவருக்கு முகப்புதான் திறக்கிறது. பேக் அழுத்தினால் ஒரு தரம் ஒன்றுமே நடப்பதில்லை, இன்னொரு தரம் இரண்டு படி பின்னால் போய்விடுகிறது.

வழிகளை ஒப்பிடுமுன் கோளாறு எங்கே என்று பார்த்துவிடலாம். வெளிப்பக்கத்துக்கு ஒரு ஹிஸ்டரி (பேக், ஃபார்வர்ட் அழுத்தும்போது பிரௌசர் பின்பற்றும் பதிவு வரிசை), ஐஃப்ரேமுக்கு ஒரு ஹிஸ்டரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு டேபுக்கு ஒரே வரிசைதான். உள்ளே நடக்கும் நகர்வும் அதில்தான் போய்ச் சேரும். முகவரிப் பட்டி மட்டும் வெளிப்பக்கத்தின் முகவரியையே காட்டும். புதிய டேபைத் திறந்து, பிரௌசரின் டெவ்டூல்ஸ் கன்சோலில் (புரோகிராமர்களுக்கான கட்டளைப் பலகம்) ஹிஸ்டரி.லெங்த், அதாவது அந்த வரிசையில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கை, எவ்வளவு என்று பாருங்கள். ஆப்பில் ஒரு லிங்க்கைக் கிளிக் செய்து மறுபடி பாருங்கள். ஒன்று கூடினால் சரி. இரண்டு கூடினால் உள்ளேயும் வெளியேயும் ஆளுக்கொரு பதிவு எழுதுகிறார்கள் என்று அர்த்தம்; இரண்டு முறை பேக் அழுத்த வேண்டியிருப்பது அதனால்தான். (புதிய டேப் எதற்கு என்றால், குரோமில் இந்த எண் 50-க்கு மேல் ஏறாது.)

முதல் வழி, எதுவும் செய்யாமல் விடுவது. ஒரே திரை உள்ள படிவத்துக்கோ வரைபடத்துக்கோ இதுவே போதும். ஆனால் வெளிப்பக்கம் ஐஃப்ரேமின் எஸ்ஆர்சி பண்பை (உள்ளே திறக்க வேண்டிய முகவரியை) மாற்றினாலும் ஹிஸ்டரியில் ஒரு பதிவு விழும். அது வேண்டாமென்றால் லொகேஷன்.ரீப்ளேஸ் (இருக்கும் பதிவின் மேலேயே எழுதும் கட்டளை) வழியாக மாற்றுங்கள்.

இரண்டாவது, ஹேஷ். ஐஃப்ரேம் முகவரியில் # குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றினால் பக்கம் மறுபடி லோட் ஆகாது. உள்ளே ஹேஷ்சேஞ்ச் நிகழ்வு மட்டும் கிளம்பும். இதில் உள்ள குறை, பேச்சு ஒருவழிப் பேச்சு என்பது. ஆப் வேறு டொமைனில் இருந்தால் அது இப்போது எந்த முகவரியில் நிற்கிறது என்று வெளிப்பக்கம் படித்துப் பார்க்க முடியாது. பிரௌசர் பாதுகாப்புப் பிழை என்று தடுத்துவிடும். ஆப்புக்குள் ஏற்கெனவே ஹேஷ் ரவுட்டர் (# குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துத் திரையை மாற்றும் பகுதி) இருந்தால் மோதல் வேறு.

மூன்றாவது, லிங்க்குகளுக்கு டார்கெட்டாக _டாப் கொடுத்து முழுப் பக்கத்தையே நகர்த்துவது. முகவரி, ரீஃப்ரெஷ், பேக் மூன்றும் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் எல்லாம் புதிதாக லோட் ஆகும், பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகும். ஐஃப்ரேமில் சாண்ட்பாக்ஸ் பண்பு (உள்ளே இருப்பதன் உரிமைகளைக் கட்டுப்படுத்துவது) இருந்தால் இதற்குத் தனி அனுமதியும் வேண்டும். பயனர் கிளிக் செய்தால் மட்டும் செல்லுபடியாகும் அனுமதி ஒன்று உண்டு. அதைக் கொடுப்பதே பாதுகாப்பு.

அன்றாட நகர்வுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லாகின் மட்டும் விதிவிலக்கு. அங்கே இதுதான் சரி. பல லாகின் பக்கங்கள் எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் அல்லது ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் என்ற சர்வர் அறிவிப்பைக் கொண்டு ஐஃப்ரேமுக்குள் திறக்க மறுக்கும். அது நல்ல காரணத்துக்காகச் செய்வது, குறுக்குவழி தேடாதீர்கள். லாகின் முடித்தும் மறுபடி லாகின் பக்கமே வருகிறதென்றால் ரவுட்டரைக் குடையாதீர்கள், குக்கியை (லாகினை நினைவில் வைக்கப் பிரௌசர் சேமிக்கும் சிறு தகவல்) பாருங்கள். சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (முகவரிப் பட்டியில் இல்லாத வேறு தளத்தின் குக்கிகளை) இயல்பாகவே முழுதும் தடுக்கிறது. பார்வைக்கு இது வழிசெலுத்தல் கோளாறு போலவே இருப்பதால்தான் ஆட்கள் தவறான இடத்தில் நாள் கணக்காகத் தேடுகிறார்கள்.

நான்காவது போஸ்ட்மெசேஜ், அதாவது வெளிப்பக்கமும் ஆப்பும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வழி. பல திரைகள் கொண்ட ஆப் என்றால் என் தேர்வு இதுதான். ஒரே நிபந்தனை: ஹிஸ்டரியை வெளிப்பக்கம் மட்டுமே எழுத வேண்டும். ஆப் தன் ரவுட்டரை மெமரி முறையில் (முகவரியையும் ஹிஸ்டரியையும் தொடாமல்) ஓட்டட்டும். ரியாக்ட் ரவுட்டர், வியூ ரவுட்டர் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. திரை மாறும்போதெல்லாம் ஆப் "இந்தப் பாதைக்கு வந்துவிட்டேன்" என்று மேலே செய்தி அனுப்பும். வெளிப்பக்கம் அதைப் புஷ்ஸ்டேட் (ஹிஸ்டரியில் புதுப் பதிவு சேர்க்கும் கட்டளை) மூலம் முகவரியில் ஏற்றும். பேக் அழுத்தினால் வெளிப்பக்கத்துக்குப் பாப்ஸ்டேட் நிகழ்வு வரும். அது ஆப்புக்குப் பாதையைச் சொல்லி அனுப்பும்.

சிக்கல் வருவது இங்கேதான். சொன்ன பாதைக்குப் போன ஆப், பழக்கப்படி மறுபடி "வந்துவிட்டேன்" என்று அறிவிக்கும். வெளிப்பக்கம் அதைப் புது நகர்வாக எடுத்துக்கொண்டு இன்னொரு புஷ்ஸ்டேட் போடும். ஃபார்வர்ட் பதிவுகள் அத்தனையும் அழிந்துவிடும்; அடுத்த முறை பேக் அழுத்தினால் அதே திரைதான் திரும்ப வரும். வந்த பாதையும் முகவரியில் இருக்கும் பாதையும் ஒன்றா என்று பார்த்து, ஒன்றாக இருந்தால் புஷ்ஸ்டேட் போடாமல் விடுங்கள். ஒரே ஒரு இஃப் வரிதான், ஆனால் அது இல்லாமல் இந்த வழி நிற்காது. ஆப் திறந்ததும் தானாக வேறு திரைக்குத் தாவினால் அதற்குப் புஷ்ஸ்டேட் வேண்டாம், இருக்கும் பதிவையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட் போடுங்கள். பயனர் தொடுமுன்னே புதுப் பதிவு சேர்த்த பக்கத்தைக் குரோம் பேக் அழுத்தும்போது தாண்டிப் போய்விடும்.

ரீஃப்ரெஷுக்கு, வெளிப்பக்கம் தன் முகவரியில் உள்ள பாதையைப் படித்து ஆப்பிடம் கொடுக்க வேண்டும். ஆப் காது கொடுக்கத் தயாராகுமுன் அனுப்பிய செய்தி போனது போனதுதான். "தயார்" என்று ஆப் சொன்ன பிறகே அனுப்புங்கள்.

பாதுகாப்பில் சலுகையே கூடாது. வரும் ஒவ்வொரு செய்தியிலும் ஆரிஜினை (எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை) சரிபாருங்கள். அனுப்பும்போது பெறுநர் இடத்தில் * (யாராக இருந்தாலும் சரி) போடாதீர்கள். முழு முகவரியை ஏற்காமல், நீங்கள் அறிந்த பாதைகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாரோ அனுப்பும் முகவரிக்கு உங்கள் பயனர் போய்ச் சேருவார்.

உள்ளே இருக்கும் ஆப்பின் நிரல் உங்கள் கையில் இல்லையென்றால் நான்காவது வழி கிடையாது. ஐஃப்ரேமின் லோட் நிகழ்வு முழுப் பக்கம் மாறும்போது கிளம்பும், ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்லாது. அப்போது முகவரியை ஒத்திசைக்கப் போராடாமல், ஐஃப்ரேமுக்கு மேலே "புதிய டேபில் திற" என்று ஒரு லிங்க் வையுங்கள். அங்கே முகவரியும் ரீஃப்ரெஷும் பேக் பட்டனும் அந்த ஆப்பின் பொறுப்பு.