இகுவானா முட்டை வைக்க மூடின டப்பா, திறந்த தொட்டியா?

பெண் இகுவானா (பெரிய பல்லி இனம்) வளர்க்கறவங்களுக்கு இந்தக் கேள்வி என்னைக்காவது ஒரு நாள் வரும், கூட ஆண் இல்லேன்னாலும் வரும், ஏன்னா இணை சேராமலே அது முட்டை வைக்கும், கரு இருக்காது அவ்ளோதான். நான் ரெண்டையும் வெச்சுப் பார்த்துட்டு மூடின டப்புக்கு மாறிட்டேன், அதனால இதுல நடுநிலை எதிர்பார்க்காதீங்க.

திறந்த தொட்டின்னா கூண்டுக்குள்ள அகலமா ஒரு தொட்டி, அதுல மண். ரெடி பண்ண ஈஸி, என்ன பண்ணுதுன்னு பார்க்கவும் முடியும். நல்லது அதோட முடிஞ்சுது.

மூடின டப்னா மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப், பக்கவாட்டுல அது நுழையற அளவுக்கு ஓட்டை, உள்ள மண்ணும் மணலும் கலந்து பாதிக்கு மேல நிரப்பணும், முழு உடம்போட திரும்பற அளவுக்கு இடமும் விடணும். காட்டுல இகுவானா வளை தோண்டி உள்ள போய்தான் முட்டை வைக்கும், அதுக்கு இருட்டும் மறைவும் வேணும்.

ஆனா நான் மாறினதுக்குக் காரணம் இருட்டு இல்ல, ஈரம். தோண்டின வளை இடியாம நிக்கணும், அதுதான் முக்கியம். கலவையைக் கையில அள்ளி இறுக்கிப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. திறந்த தொட்டியில கூண்டு லைட்டோட சூட்டுக்கு மேல்மண் சீக்கிரமே காஞ்சிடுது, எவ்ளோ தண்ணி தெளிச்சாலும் மேல பொலபொலன்னு, அடியில சேறு, இகுவானா தோண்டத் தோண்ட மண் சரிஞ்சு மூடிக்கும், கடைசில வெறுத்துப்போய் விட்டுடும். மூடின டப்ல அதே ஈரம் ரொம்ப நாள் தாங்குது. வெறும் மணல் மட்டும் போட்டா எதுல வெச்சாலும் இடியும். வெர்மிகுலைட்ல (ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கற லேசான கனிமத் துகள்) தோண்ட விட்டு நான் அதிகம் பார்த்ததில்ல, பார்த்த வரைக்கும் வளை நிக்கல, முட்டையைப் பொரிக்க இன்குபேட்டர்ல வைக்கத்தான் அது சரி.

இவ்ளோ மெனக்கெடறதுக்குக் காரணம் இருக்கு. பிடிச்ச இடம் கிடைக்கலன்னா முட்டையை வெளிய விடாம உள்ளேயே வெச்சுக்கும், அது உயிருக்கே ஆபத்து. கால்சியமும் யூவிபி லைட்டும் (வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிரைத் தர்ற லைட்) குறைஞ்சாலும் இதே கதைதான். முட்டை வைக்கறதுக்கு முன்னாடி சில வாரம் சாப்பாட்டைக் குறைக்கறது சகஜம், ஆனா துறுதுறுன்னு சுத்திட்டு இருக்கணும். சோர்ந்து படுத்துட்டா, பின்னங்காலை இழுத்துட்டு நடந்தா, கொஞ்சம் முட்டை வெச்சுட்டு நின்னுட்டா, காத்திருக்காம வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட தூக்கிட்டுப் போங்க.

மூடின டப்ல தொல்லையே இல்லன்னு சொல்லமாட்டேன். மண்ணோட சேர்த்தா பொணம் கனம் கனக்கும், பூஞ்சை வரும், உள்ள சுமார் 29 டிகிரி சூடு நிக்குதான்னு பார்த்துக்கணும். அடிக்கடி மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கற ஆளா இருந்தா இது சரிப்படாது, தொந்தரவு பண்ணா பாதியில வெளிய வந்துடும்.

ஆணும் கூட இருந்து குஞ்சு வேணும்னா, முட்டையை எடுக்கும்போது மேல்பக்கம் பென்சில்ல குறி போட்டுட்டு திருப்பாம அப்படியே இன்குபேட்டருக்கு மாத்துங்க, புரட்டினா உள்ள கரு செத்துடலாம். வேணாம்னா எல்லாத்தையும் எடுத்துடுங்க, ஆனா அது வெச்சு முடிச்சு குழியை மூடற வரைக்கும் கை வைக்காதீங்க.